ஓணப் பூவுக்கு யார் காவல்?

திருவனந்தபுரத்துத் தோட்டக்காரருக்கு வசந்தம் ஆவணியில்தான் வருகிறது. ஜூன் தொடக்கத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை ஆகஸ்டில் சற்றே இளைப்பாறும். அப்போது தும்பையும் செம்பருத்தியும் தெச்சியும் நந்தியாவட்டையும் சங்குபுஷ்பமும் காந்தளும் போட்டி போட்டுக்கொண்டு பூக்கும். அத்த நாளில் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் வாசலில் பூக்கோலம் போட வேண்டும். பூ முன்னதாக வந்தாலும் பயனில்லை, பிந்தி வந்தாலும் பயனில்லை. தேதியும் நிலையாக நிற்பதில்லை: 2025இல் திருவோணம் செப்டம்பர் 5, 2026இல் ஆகஸ்ட் 26. செடி வைப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாற்று விட வேண்டும்.

வலியசாலை, அந்த நகரத்தின் சாலைக் கடைத்தெருவை அடுத்த பழைய தமிழ்க் குடியிருப்பு. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றி அக்ரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. பக்கத்திலேயே கிள்ளிப்பாலம், அதன் அடியில் கரமனையாற்றோடு சேரப் போகும் கிள்ளியாறு. ஓணத்துக்கு வேண்டிய பூ பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து லாரி ஏறி வருகிறது. 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் திருவிதாங்கூர்–கொச்சியோடுதான் இருந்தது; எல்லை மாறியும் பூவின் பாதை மாறவில்லை. ஆனால் சமீப ஆண்டுகளில் கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் வீட்டுக்காரர்களும் செண்டுமல்லியையும் வாடாமல்லியையும் தாங்களே வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி வளர்ப்பவர்கள் முதல் வருடமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரவோடு இரவாக இதைத் தின்றது யார்?

கேள்வி சரியானது. பூவை எழுப்பும் அதே மழைதான் பூவைத் தின்பவற்றையும் எழுப்புகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேலியால் தடுக்க முடியாது. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு நாக்கு, ஒரு நேரம், ஒரு தேவை இருக்கிறது. அதை அறிந்தால்தான் காவல் போட முடியும்.

கடித்த இடம் சொல்லும் சேதி

முதல் வேலை மருந்து வாங்குவதல்ல. காலை வெளிச்சத்தில் இலையைத் திருப்பிப் பார்ப்பது.

இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகள், விளிம்பில் அரம் போட்டுத் தேய்த்தது போன்ற சிதைவு, மண்ணிலும் சுவரிலும் காய்ந்து பளபளக்கும் கோடு: வந்தது நத்தை. ஓட்டையின் கீழ் இலையில் கருமணி போன்ற எச்சம் கிடந்தால் கம்பளிப்புழு. மொட்டு காம்போடு துண்டிக்கப்பட்டு, பாதி தின்றபடி தரையில் கிடந்தால் அணில் அல்லது எலி. கிளையே முறிந்து தொங்கினால் குரங்கு. நகரின் நடுவில் இது குறைவு, பொன்முடி, நெய்யாறு பக்கம் போகப் போக அதிகம். அங்கே காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்ளும்; அது இலையை விடக் கிழங்கையே தேடும், பாத்தியைப் புரட்டிப் போட்டுவிடும்.

சில தடயங்கள் நம்மை ஏமாற்றும். ரோஜா இலையிலோ மந்தார இலையிலோ விளிம்பில் கத்தரியால் வெட்டியதுபோல அச்சான அரைவட்டம் தெரிந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. கூட்டுக்குள் முட்டைக்கு மெத்தை போட எடுத்துப் போகிறது. பதிலுக்கு மகரந்தச் சேர்க்கை செய்து தருகிறது. செம்பருத்திப் பூவின் அடியில் சின்னஞ்சிறு துளை இருந்தால் அது தேன்சிட்டு. வாய்வழியே போகாமல் பக்கவாட்டில் குத்தித் தேனைக் குடித்திருக்கிறது. பூ கெடுவதில்லை; கோலத்துக்குத் தாராளமாக ஆகும். இந்த இரண்டுக்கும் மருந்தடிப்பவர் தன் தோட்டத்துக்கே கேடு செய்கிறார்.

1847இல் கல்கத்தாவில் இறங்கிய ஓடு

கேரளத்துக் கொல்லைகளில் இன்றைக்கு மிகப் பெரிய தின்னி ஆப்பிரிக்கப் பெருநத்தை. தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. நத்தை ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்ட வில்லியம் பென்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு இதைக் கொண்டுவந்தார் என்பது பதிவு. 1900 வாக்கில் இலங்கையை எட்டிவிட்டது. கேரளத்தில் பல மாவட்டங்களில் பரவி, 2018 வெள்ளத்துக்குப் பின் இன்னும் புதிய இடங்களில் தலைகாட்டியது. முழு வளர்ச்சி பெற்றதன் ஓடு 20 சென்டிமீட்டர் வரை நீளும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்னும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

இதன் வெற்றிக்கு மூன்று காரணங்கள். ஒன்று, ஒவ்வொரு நத்தையும் ஒரே சமயத்தில் ஆணும் பெண்ணும். இரண்டு சந்தித்தால் இரண்டுமே முட்டையிடும். ஒரு ஈட்டில் நூற்றுக்கணக்கில். ஒருமுறை சேர்ந்தபின் விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கவும் முடியும். இரண்டு, வறட்சியில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூடத் தூங்கும். பங்குனி வெயிலில் கொல்லை காய்ந்து கிடப்பதைப் பார்த்து ‘ஒழிந்தது’ என்று நினைப்பது தப்பு. இடவப்பாதி என்று கேரளத்தில் சொல்லும் தென்மேற்குப் பருவமழையின் முதல் இரவில் எழுந்து வரும். மூன்று, அதன் நாக்கு. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் பதித்த பட்டை அது. எதையும் கடிப்பதில்லை, சுரண்டுகிறது. அதனால் இளந்தளிர், மரப்பட்டை, அழுகிய இலை, காகிதம் எல்லாமே உணவு.

இதற்கு ஒரு தீராத தேவையும் உண்டு: சுண்ணாம்புச் சத்து. அவ்வளவு பெரிய ஓட்டைக் கட்ட கால்சியம் வேண்டும். செடியில் கிடைப்பது போதாததால் சுண்ணாம்பு அடித்த சுவரையும் சிமெண்டுப் பூச்சையும் சுரண்டித் தின்னும். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் வரிசையாக நிற்கும் தெரு, பின்னால் ஈரக் கொல்லை, பக்கத்தில் ஆறு: நத்தைக்கு வேறென்ன வேண்டும்? செடியைச் சுற்றி முட்டையோட்டுத் தூளைத் தூவுபவர்கள் யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். தூவியது வேலியாகாமல் சத்துணவாகிவிடும்.

வேலி என்றே வைத்துக்கொண்டாலும் அது வேலை செய்கிறதா? பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் இதைச் சோதித்தது. செம்புப் பட்டை, முட்டையோடு, மரப்பட்டைத் துண்டு, கரடுமுரடான மணல், கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்டூஸ் செடிகளைச் சுற்றி வைத்தார்கள். எதுவும் வைக்காத செடிகளும் இவையும் ஒரே அளவுக்குத்தான் தின்னப்பட்டன. பாட்டி வைத்தியம் என்று நாம் நம்பும் பலவற்றுக்கும் இந்தச் சோதனையே பதில்.

உப்பு கொல்லும் என்பது உண்மை. நத்தையின் தோலுக்கு வெளியே உப்பின் செறிவு கூடும்போது உடலின் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. ஆனால் பாத்தியில் உப்பைக் கொட்டினால் அதே விதி செடியின் வேரிலும் வேலை செய்யும். ஆகவே உப்பு வாளிக்குள் இருக்க வேண்டும், மண்ணில் அல்ல.

கேரளத்தில் பரிந்துரைக்கப்படும் முறை எளிமையானது. அந்தி சாய்ந்ததும் நனைத்த சாக்கை நிழலில் விரித்து, அதன் கீழ் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு வைக்க வேண்டும். நத்தைகள் வாசனைக்கு வந்து அங்கே கூடும். கையுறை போட்டு அவற்றைப் பொறுக்கி, கெட்டியான உப்புநீர் வாளியில் போட்டு, பிறகு ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். எண்ணிக்கை கைமீறிப் போன இடத்தில் புகையிலை–துரிசுக் கலவை: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராக வற்றும்வரை கொதிக்க வைத்து, 60 கிராம் துரிசை (தமிழ்நாட்டில் மயில்துத்தம்) ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் கலந்து வடிகட்டித் தெளிப்பது. புகையிலையின் நிக்கோட்டின் நரம்பு நஞ்சு. துரிசு மீனுக்கும் ஆகாது. பூ விரிந்த செடியின்மேலும் கிணற்றடியிலும் இதைத் தெளிக்கவே கூடாது.

கையுறையை வலியுறுத்தக் காரணம் உண்டு. எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் நத்தைக்குள் வளர்கிறது. நத்தையையோ அதன் கோழை பட்ட பச்சைக் காய்கறியையோ கழுவாமல் தின்றால் அது மனித மூளையுறையில் அழற்சியை உண்டாக்கும். கேரளத்திலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. விளையாடும் பிள்ளைகள் கையில் நத்தையைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பது வேண்டாம்.

‘இயற்கை எதிரியைக் கொண்டுவந்து விட்டால் என்ன?’ என்ற யோசனை வெளிநாட்டில் விபரீதமாக முடிந்தது. பெருநத்தையைத் தின்னட்டும் என்று 1955இல் ஹவாயிலும் 1977இல் மூரேயா தீவிலும் ஒரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய சின்ன மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டில் மூரேயாவின் மரநத்தை இனங்கள் காட்டிலிருந்தே மறைந்தன. வெளியிலிருந்து யாரையும் அழைக்க வேண்டாம். நம் கொல்லையிலேயே செம்போத்து இருக்கிறது. மலையாளிகள் உப்பன் என்று சொல்லும் இந்தச் சிவந்த இறக்கைப் பறவையின் இரையில் நத்தைக்குப் பெரும்பங்கு இருப்பதைத் தமிழ்நாட்டில் செய்த ஆய்வு காட்டியது. அடர்ந்த புதர் ஒன்றை மூலையில் விட்டுவைத்தால் அது தங்கும்.

மிளகாய் யாருக்குக் காரம்?

அணிலுக்கும் எலிக்கும் குரங்குக்கும் நத்தையின் வைத்தியம் செல்லாது. இவை பாலூட்டிகள், இவற்றின் நாக்கில்தான் பிடி இருக்கிறது.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நம் நரம்பு முனையில் வெப்பத்தை உணரும் ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. சூடே இல்லாமல் ‘சுடுகிறது’ என்று மூளை அலறுகிறது. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997இல் அந்த வாயிலைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளிடமும் அந்த வாயில் இருக்கிறது. ஆனால் அவற்றின் வாயில் கேப்சைசினுக்குத் திறப்பதில்லை என்று அவருடைய குழுவே 2002இல் காட்டியது. மிளகாய்ச் செடியின் கணக்கு இதிலிருந்து புரிகிறது: விதையை மென்று அழிக்கும் எலிக்கு எரிச்சல்; முழுதாக விழுங்கித் தொலைவில் போடும் பறவைக்கு விருந்து.

தோட்டக்காரருக்கு இதனால் இரண்டு லாபம். மிளகாய்க் கரைசல் அணிலையும் எலியையும் விரட்டும். தேன்சிட்டையும் செம்போத்தையும் விரட்டாது. ஆனால் கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. வெறும் மிளகாய்த் தூளைத் தண்ணீரில் கலக்கித் தெளித்தால் தூள் அடியில் தங்கும், காரம் இலையில் ஒட்டாது. சில துளி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அப்படியும் ஆவணி மழை இரண்டு முறை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். எனவே மொட்டு கட்டும் வாரத்தில் மட்டும், மழை விட்ட மாலைகளில் தெளிப்பதே பயன் தரும். ஆண்டு முழுவதும் தெளிப்பது மிளகாய்க்குக் கேடு.

இரவில் வரும் பழந்தின்னி வௌவாலைப் பற்றி ஒரு சொல். பூந்தோட்டத்தில் அதனால் நஷ்டம் மிகக் குறைவு. வாழை, இலவம் போன்றவற்றின் பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதில் அதற்குப் பங்கு உண்டு. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை ‘தொல்லை விலங்கு’ பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது; நாமும் திருந்தலாம்.

செடி தானே போட்ட வேலி

ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டக்காரர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. வசந்தத்தில் துலிப் வைத்தால் மான் வந்து தின்னும், கிழங்கை அணில் தோண்டும். பக்கத்திலேயே நிற்கும் டாஃபடிலைப் பெரும்பாலும் தொடாது. டாஃபடிலில் லைகோரின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது, தின்றால் குமட்டும்.

நம் பக்கத்தில் அந்த இடத்தில் நிற்பது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர், கேரளத்தில் மேந்தோன்னி, உழவர்களிடம் கண்வலிக்கிழங்கு. கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் நிறைந்திருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகவிடாமல் அது தடுக்கும். செல் பிரிவு நின்றுபோனால் குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் சாயும். அதே பொருள் மிகச் சிறு அளவில் கீல்வாதத்துக்கு மருந்து. அதனால்தான் மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கோல்சிகம் காந்தளின் உறவு. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே நஞ்சு. கண்டம் மாறினாலும் உத்தி மாறவில்லை.

அரளியும் அப்படித்தான்: ஒலியாண்ட்ரின் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். ஆடு மாடு ஒதுங்குவது அதனால்தான். வேம்பில் அசாடிராக்டின். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாப் பசுமையையும் மொட்டையடித்தபோது வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கண்டார். 1968இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் முழுதாகத் தொகுத்து முடிக்க 2007 ஆயிற்று. மரம் சும்மா நின்று செய்வதை மனிதர் செய்ய அத்தனை காலம்.

ஆனால் நஞ்சு யாருக்கும் முழுக் காப்பீடு தருவதில்லை. காந்தள் இலையை ரசித்துத் தின்னும் ஒரு கம்பளிப்புழு இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கும். அரளிக்கு அரளிப் பருந்துவிட்டிலின் பச்சைப் புழு. எருக்குக்கு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. பரிணாமத்தில் ஒவ்வொரு பூட்டுக்கும் எங்கோ ஒரு சாவி செய்யப்பட்டிருக்கிறது. இத்தகைய நிபுணர்கள் ஒன்றிரண்டு செடியோடு நின்றுவிடுவார்கள். கொல்லை முழுவதையும் மேய்வதில்லை. கையால் எடுத்துப் போட்டால் போதும். அல்லது, பட்டாம்பூச்சி வேண்டும் என்பவர் சும்மா விட்டாலும் போதும்.

ஆகவே கொல்லையின் ஓரத்தில் அரளி, காந்தள், நந்தியாவட்டை என்று மேய்ச்சல் விலங்கு விரும்பாதவற்றையும், உள்ளே செம்பருத்தி, செண்டுமல்லி என்று ருசியானவற்றையும் வைப்பது அறிவியல்படி சரி. ஒரே எச்சரிக்கை: சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் காந்தளும் அரளியும் வேண்டாம்.

கிள்ளினால் கிளைக்கும்

தின்னப்பட்ட இலை எல்லாம் நஷ்டமா? செடி அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

தண்டின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரந்து கீழே இறங்குகிறது. அது இருக்கும்வரை பக்கமொட்டுகள் தூங்கும். நுனி போனால் தடை நீங்கிப் பக்கக் கிளைகள் புறப்படும். இதை 1930களில் தீமன், ஸ்கூக் என்ற தாவர ஆய்வாளர்கள் சோதனையால் நிறுவினார்கள். சாமந்தி, செண்டுமல்லி விவசாயிகள் நுனி கிள்ளுவது இந்தப் பலனுக்காகத்தான். நட்ட மூன்று நான்கு வாரத்துக்குள் ஒரு வெட்டுக்கிளியோ அணிலோ நுனியைக் கடித்தால், நீங்கள் செய்ய வேண்டிய வேலையை அது செய்திருக்கிறது.

மொட்டு கட்டிய பிறகு கதை வேறு. செண்டுமல்லி நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். திருவோணத்துக்கு மூன்று வாரம் முன்பு போன மொட்டை ஈடுகட்டச் செடிக்கு நேரம் கிடையாது. ஆகவே காவலின் பலத்தைக் காலப்படி பிரிக்க வேண்டும்: முளைத்த முதல் பத்து நாள் கடுங்காவல், ஏனென்றால் ஒரு நத்தை ஒரே இரவில் நாற்றையே முடித்துவிடும்; நடு மாதம் தளர்வு; மொட்டு கட்டியதிலிருந்து பறிக்கும்வரை மீண்டும் கடுங்காவல்.

தெருவின் காவல்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று பெருநத்தைகளைக் கொண்டுவந்தான். அவை கொல்லையில் விடப்பட்டன. ஏழே ஆண்டில் 18,000க்கும் மேல் பொறுக்கினார்கள். 2011இல் மயாமியில் மறுபடி வந்தபோது பத்து ஆண்டு விடாமல் வீடு வீடாகத் தேடி, மோப்ப நாய்களையும் பழக்கி, 2021இல்தான் ஒழித்ததாக அறிவித்தார்கள். மறு ஆண்டே இன்னொரு மாவட்டத்தில் தலைகாட்டியது.

வலியசாலை போன்ற தெருக்களுக்கு இதில் உள்ள பாடம் நேரானது. மதில் நத்தைக்குத் தடையல்ல, அது சாப்பாடு. நீங்கள் இன்று பொறுக்கித் தீர்த்த கொல்லைக்கு அடுத்த வீட்டிலிருந்து நாளை ஆள் வரும். அணில், வௌவால், தேன்சிட்டு, புழு ஆகியவற்றோடு ஒவ்வொரு வீடும் தனித்தனியே சமாதானம் செய்துகொள்ளலாம். பெருநத்தையோடு மட்டும் தெருவே சேர்ந்துதான் சண்டை போட முடியும். இடவப்பாதியின் முதல் வாரத்தில் குடியிருப்போர் சங்கம் ஒரு மாலையைக் குறித்து, எல்லா வீட்டிலும் ஒரே இரவில் சாக்கு விரித்து, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதையே செய்தால் ஓணத்துக்குப் பூ மிஞ்சும். ஒரு டார்ச், ஒரு ஜோடி கையுறை, ஒரு வாளி உப்புநீர்; இதற்கு மேல் செலவில்லை. இந்த ஜூனில் உங்கள் தெருவில் அதைத் தொடங்கி வையுங்கள்.